இருநூற்றுப் பதினெட்டு ராத்தல்

தன் எடை எவ்வளவு என்று கதிரேசுவுக்கே தெரியாது. அது தெரியவந்த நாளில், ரப்பர் பால் வாளியோடு வரிசையில் நின்ற அறுபது பேருக்கும் சேர்த்தே தெரிந்துவிட்டது.

மலாயாவில், ஜொகூர் நாட்டுச் செடெனாக்கிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்த ரப்பர் தோட்டம் அது. கதிரேசு அங்கே பெரிய கிராணி, ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. இருபத்துமூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, 1929-ஆம் வருஷம் நாற்பது வயது ஆகியிருந்தது. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்துக்குத்தான் எழுந்திருப்பார். வேலைக்கு வந்தவர்களின் பேர் பதிகிற பெரட்டுப் புத்தகம், மழை அளவு, சிங்கப்பூருக்குப் போகிற கடிதங்கள் என்று கை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றதெல்லாம் அவரைத் தேடி வரும். ஆபீஸ் பியூன் அய்யாவு மணிக்கொரு தடவை டின்பால் ஊற்றிய தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார். பகலில் வீட்டிலிருந்து நாலடுக்கு டிபன் கேரியர் வரும். வீடு ஆபீஸுக்குப் பின்னால் நூறடி தூரத்தில். ஒரு நாளில் அவர் நடந்த நடை அந்த நூறடியும் திரும்பி வந்த நூறடியும்தான்.

வந்த புதிதில் அவர் ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வருஷத்துக்கு வருஷம் உடம்பு ஏறியது. அதைக் குறை என்று யாரும் நினைக்கவில்லை. பெரிய கிராணி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றே எல்லாரும் எண்ணினார்கள், அவர் உட்பட.

ஜூலை மாதம் ஒரு பகல், பக்கத்துத் தோட்டத்துத் துரை விருந்துக்கு வந்திருந்தார். ஸ்டோரில் ரப்பர் ஷீட் நிறுத்துக்கொண்டிருந்த நேரம். பெரிய கிராணியை ஸ்டோருக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. எடைப் புத்தகத்தில் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டு கதிரேசு பேனாவைக் காதில் செருகியபடியே போனார். அங்கே அவருடைய துரை கைப்பிரம்பால் தராசின் பலகையைக் காட்டி, அதில் ஏறு என்றார்.

விஷயம் அதற்குப் பிறகுதான் புரிந்தது. துரைமார் இருவரும் ஒரு போத்தல் விஸ்கிக்குப் பந்தயம் கட்டியிருந்தார்கள். விருந்தாளி சொன்னது இருநூறு. இவருடைய துரை சொன்னது இருநூற்று இருபது.

மாட்டேன் என்று சொல்லலாம் என்ற எண்ணமே கதிரேசுவுக்கு அந்த நேரத்தில் வரவில்லை. ஏறினார். ஸ்டோர் கிராணி தங்கராஜு அவர் முகத்தைப் பார்க்காமல் குண்டை நகர்த்தினான். இருநூற்றுப் பதினெட்டு ராத்தல். துரை கைதட்டிச் சிரித்துவிட்டுப் பிரம்பின் நுனியால் அவர் தொந்தியை இரண்டு தடவை தட்டினார். பால் ஊற்ற வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். கதிரேசு பலகையிலிருந்து இறங்கி, "தேங்க் யூ சார்" என்றார்.

பிரம்பு தட்டியது அவருக்கு அன்றே மறந்திருக்கும். அந்த 'தேங்க் யூ சார்' மட்டும் மறக்கவில்லை. யாரும் கேட்காத நன்றியை அவர் வாய் தானாகவே சொல்லியிருந்தது. நாற்காலி தன் உடம்பை மட்டுமல்ல, நாக்கையும் சேர்த்துத்தான் இப்படி ஆக்கிவிட்டது என்று அவருக்குப் பட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் பாதிப் பிட்டை ஒதுக்கிவைத்தார். மனைவி செல்லப்பாக்கியம் சொதியோடு நின்றவள் திகைத்துப்போனாள்.

"இஞ்சாருங்கோ, கறிக்கு உப்புக் கூடிப்போச்சோ?"

"இல்லை. எனக்கு இனிமேல் அரைவாசி போதும்."

பதினைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததில்லை. செல்லப்பாக்கியம் அன்று தானும் சரியாகச் சாப்பிடாமல் படுத்தாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஜெயபாலனிடம் போய் உடம்பு இறங்க வழி கேட்டார் கதிரேசு. சிங்கப்பூர்க் கடைகளில் அதற்கென்று ஒரு உப்பு விற்கிறது, வெந்நீரில் கலந்து குடித்தால் வயிறு கழிந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான் பலன் என்றார் ஜெயபாலன். வேறு மருந்து கிடையாது, தீனியைக் குறைத்து நடக்க வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, உப்பு எனக்கு வேண்டாம் என்று கதிரேசு எழுந்துவந்தார்.

மறுநாள் விடியுமுன்னே பால்வெட்டுக்காரர்கள் பெரட்டுக்களத்திலிருந்து கலைந்து மலைப்பக்கம் போனபோது, அவர்களுக்குப் பின்னால் பெரிய கிராணியும் நடந்தார். கால்வாசி தூரம் போவதற்குள் நெஞ்சு அடைத்தது. வெட்டிப்போட்ட ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தார். சனங்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். பின்னாலிருந்து "ரெண்டு பதினெட்டு" என்று ஒரு குரல் மெதுவாகச் சொன்னது. நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கதிரேசு எழுந்து இன்னும் பத்தடி நடந்து, அங்கே போய் உட்கார்ந்தார். அடுத்த நாள் இன்னும் பத்தடி.

மூன்றாவது வாரம் சரிவில் வழுக்கி முழங்காலிட்டவரை ஒரு கை பிடித்துத் தூக்கியது. வெள்ளையம்மா என்ற பால்வெட்டுக்காரி, ஐம்பது வயதிருக்கும். பெரட்டுப் புத்தகத்தில் அவள் பெயரைப் பல வருஷமாகத் தினம் எழுதியவர், முகத்தை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தார்.

"நேரா ஏறாதீங்க ஐயா. இப்படிச் சாஞ்சு சாஞ்சு ஏறுங்க, மூச்சு வாங்காது" என்றாள்.

அவள் காட்டியபடி ஏறினார். மேலே போய் நின்றதும், அன்றைக்கு நீயும் சிரித்தாயா என்று கேட்டார்.

"சிரிச்சேன் ஐயா. துரை சிரிக்கிறப்ப சிரிக்காம நின்னா நம்மளப் பாப்பாரு." அவள் தலையில் இருந்த துணியை இறுக்கிக் கட்டினாள். "எங்களயும் கப்பல்ல ஏத்துறதுக்கு முன்ன ஆள் சேக்குற டிப்போல நிறுத்துத்தான் பாத்தாங்க. பல்லப் புடிச்சுப் பாத்தாங்க, முதுகத் தட்டிப் பாத்தாங்க. அப்பவும் எவனோ ஒருத்தன் சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தான்."

அவள் தான் பால் வெட்டுகிற மர வரிசைக்கு, தன் நிரைக்கு, போய்விட்டாள். கதிரேசு அன்று ஆபீஸில் வெகுநேரம் பேனாவை மையில் தொடாமல் இருந்தார்.

நடை காலையில் ஒரு மணி நேரம்தான். மிச்சப் பத்து மணி நேர நாற்காலியை என்ன செய்வது என்று அவர் யோசித்தார். ஷீட் அடைக்கிற மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி மேசைமேல் ஏற்றினார். அதன்மேல் புத்தகத்தை விரித்து நின்றுகொண்டே எழுதினார். தேத்தண்ணி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, டின்பால் இல்லாமல் என்று சொன்னதும் அய்யாவு, தன் மேல் ஐயாவுக்கு ஏதும் மனத்தாங்கலா என்று இரண்டு நாள் கலங்கிக்கொண்டிருந்தார்.

பெட்டி ஏறிய இரண்டாம் வாரம் அது துரையின் கண்ணில் பட்டது. ஆபீஸ் என்ன கிடங்கா என்று கேட்டு அதை எடுக்கச் சொன்னார். அத்தோடு, பெரிய கிராணி கூலிகளோடு கூலியாக விடியற்காலையில் நடப்பது தோட்டத்துக்கு மரியாதை இல்லை, அதையும் நிறுத்து என்றார். பெட்டி உங்களுடையது, எடுத்துவிடுகிறேன். என் வேலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது, அதற்கு முந்திய நேரம் என்னுடையது என்று கதிரேசு பதில் சொன்னார்.

பெட்டி போனது. மறுநாள் துரை வந்து பார்த்தபோது கதிரேசு ஆபீஸ் மூலையில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். அங்கே தோட்டத்துப் பணம் வைக்கிற இரும்புப்பெட்டி இருந்தது. நெஞ்சளவு உயரம், ஆறு பேர் சேர்ந்தாலும் அசையாது. அதன் தலை மேசை மாதிரி மட்டமாக இருந்தது. துரை கொஞ்ச நேரம் இரும்புப்பெட்டியைப் பார்த்தார், கிராணியைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

உடம்பு இறங்கியது. முதலில் இடுப்பு வாரில் ஆணியால் ஒரு புதிய துளை போட்டார், அப்புறம் இன்னொன்று. செடெனாக் தையற்காரன் அவர் வெள்ளைக் கோட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்தான். வீட்டுப் படி ஐந்தையும் நிற்காமல் ஏறினார். ஆனால் ஒரு தடவைகூட அவர் எடை போட்டுப் பார்க்கவில்லை. தராசு இருந்த பக்கமே போகவில்லை.

இதில் அதிகம் அடிபட்டவள் செல்லப்பாக்கியம். தைப்பூசத்துக்கு செடெனாக் ஸ்டேசன் மாஸ்டர் வீட்டில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் கூடியிருந்தன. மாஸ்டரின் மனைவி இராசம்மா எல்லார் முன்னாலும், "மனிசன் உருகிப்போறார், நீர் பாத்துக்கொண்டிருக்கிறீர்" என்றாள். சலரோகமாக, நீரிழிவாக இருக்கும் என்றாள் ஒருத்தி. கசம், காசநோய்தான் என்றாள் இன்னொருத்தி. செல்லப்பாக்கியத்தைக் குசினிப் பக்கம் தனியே கூட்டிப்போன இராசம்மா, கதிரேசு விடியக்காலையில் கூலி லயத்துப் பெண்களோடு காட்டுக்குள் போகிறாராமே என்றும் ஒரு சொல் போட்டுவைத்தாள்.

அந்தச் சொல் செல்லப்பாக்கியத்தை மூன்று நாள் தின்றது. நாலாம் நாள் காலை அவர் படியிறங்கிப் போனதும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் பின்னால் போனாள். பனி மூடியிருந்தது. தூரத்தில் அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது. பால்வெட்டுக்காரர்கள் அவரவர் நிரைக்குப் பிரிந்துபோனார்கள். அவர் தனியே மலையேறினார். அவள் பாதி ஏறுமுன்னே கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றாள். மூச்சிரைக்கிற சத்தம் கேட்டுத்தான் அவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் இறங்கிவந்து பக்கத்தில் நின்றார். மலை ஏறி இறங்கிய மனிதர் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நூறடி நடந்தால் இளைக்கிறவர் அவர். இப்போது இளைத்து நின்றது அவள்.

"உங்களுக்கு வருத்தம் ஒண்டும் இல்லையே?" என்று கேட்டாள்.

"இல்லை. எனக்கு இப்பதான் சுகம்."

"அப்ப அண்டைக்கு ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?"

அப்போதுதான் அவர் தராசுக் கதையைச் சொன்னார். பிரம்பு, சிரிப்பு, 'தேங்க் யூ சார்' எல்லாம். ஊருக்கெல்லாம் தெரிந்த கதை தன் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியாமல் இருக்க வேண்டும் என்று அவர் ஆறு மாதம் பாடுபட்டிருந்தார். அவளும் தனக்கு அது முதல் வாரமே தெரியும் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து பிட்டில் தேங்காய்ப்பூ குறைந்தது, சொதி தண்ணீராக வந்தது. அவளும் சில காலைகளில் மலையடி வரை கூடவே போனாள்.

மார்ச் மாதம் பக்கத்துத் தோட்டத்துத் துரை மறுபடியும் வந்தார். பகல் வேளை, பால் ஊற்றுகிற நேரம். பெரிய கிராணியை ஸ்டோருக்கு வரச் சொன்னார்கள்.

எதற்கென்று இந்தத் தடவை கதிரேசுவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. நூற்று எழுபதுக்குக் கீழே என்று அவருடைய துரை பந்தயம் கட்டியிருந்தார். மேலே என்றார் விருந்தாளி. தங்கராஜு தராசுப் பலகையைத் துணியால் துடைத்து வைத்திருந்தான். வரிசையில் நின்ற சனங்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை அவர்கள் கண்ணில் கேலி இல்லை. ஏறுங்க ஐயா, காட்டுங்க என்ற ஆவல்தான் இருந்தது. எட்டு மாதமாக அவர் நடந்த நடை அவர்கள் கண்முன்னே நடந்ததுதானே.

அவருக்கும் ஆசை வராமல் இல்லை. ஒரே ஒரு நிமிஷம். ஏறி நின்றால் குண்டு எங்கே போய் நிற்கும், எல்லார் வாயும் எப்படித் திறக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. வலது காலைத் தூக்கியும்விட்டார். வரிசையில் வாளியோடு நின்ற வெள்ளையம்மா மட்டும் தராசைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் காலைக் கீழே வைத்தார்.

"நோ, சார்" என்றார்.

துரைக்குக் காது கேட்கவில்லை போலிருந்தது. ஏறு என்று மறுபடியும் பலகையைக் காட்டினார். கதிரேசு இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார். துரைக்குத் தமிழ் தெரியும். வரிசையில் நின்றவர்களுக்கும் தெரியும்.

"இந்தத் தராசு தோட்டத்துச் சரக்கை நிறுக்கிறதுக்கு. நான் சரக்கில்லை. போனமுறை ஏறினது என்ர பிழை. இனி ஏறமாட்டன்."

விருந்தாளி சிரிக்கத் தொடங்கி, தன் ஒருவருடைய சிரிப்பு மட்டும் கேட்பதை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். இது என் உத்தரவு என்றார் துரை, முகம் சிவக்க. எழுதச் சொல்லுங்கள் எழுதுகிறேன், கணக்குக் கூட்டச் சொல்லுங்கள் கூட்டுகிறேன், என் உடம்பு அந்த வேலைக்குள் சேர்ந்ததில்லை என்று சொல்லிவிட்டு கதிரேசு ஆபீஸுக்குத் திரும்பி நடந்தார். முதுகுக்குப் பின்னால் யாரோ ஒருவர் வாளியிலிருந்து பால் ஊற்றத் தொடங்குகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை காலை துரை அவரைக் கூப்பிட்டுக் கடிதம் ஒன்று சொல்லி எழுத வைத்தார். அது கதிரேசுவை ஒரு மாத நோட்டீசில் வேலையிலிருந்து நீக்குகிற கடிதம், காரணம், கீழ்ப்படியாமை. தோட்டத்தில் துரையைத் தவிர இங்கிலீஷ் கடிதம் எழுதத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லாததால் அதையும் அவரேதான் எழுத வேண்டியிருந்தது. இரும்புப்பெட்டியின்மேல் வைத்து நின்றுகொண்டே எழுதினார். துரை சொன்னதில் ஒரு வாக்கியம் இலக்கணப்படி தவறாக இருந்தது. அதைத் திருத்தி, நல்ல கையெழுத்தில் படியெடுத்துக் கையொப்பத்துக்கு வைத்தார்.

ஒரு மாதமும் அவர் வேலையில் ஒரு குறை வைக்கவில்லை, காலை நடையையும் விடவில்லை. புறப்பட்ட அன்று லயத்துச் சனங்கள் ஸ்டேசன் வரை வருவதாகச் சொன்னார்கள். வேலை நாள், பேர் வெட்டிவிடுவார்கள், கூலி போய்விடும் என்று அவர்தான் தடுத்தார். சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு, அவரும் செல்லப்பாக்கியமும் மூன்று மைலையும் நடந்தே செடெனாக்குக்கு வந்து ரயில் ஏறினார்கள்.

ஜொகூர் பாருவில் ஏழு வாரம் வேலை இல்லாமல் இருந்தார். பத்துப் பன்னிரண்டு இடத்தில் கேட்டார். கீழ்ப்படியாமை என்ற சொல்லைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் கடலோரத்தில் மர ஆலை வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், அவரை உட்காரச் சொல்லி, என்ன செய்து வேலை போனது என்று மலாயில் கேட்டார். கதிரேசு ஒன்றும் மறைக்காமல் சொன்னார். தவுக்கே முழுவதும் கேட்டுவிட்டு, அப்படியானால் இப்போது எத்தனை எடை என்றார்.

தெரியாது, தவுக்கே, என்றார் கதிரேசு.

தவுக்கே வாய்விட்டுச் சிரித்தார். அது அந்தப் பழைய சிரிப்பு இல்லை. நாளைக்கு வா என்றார். கதிரேசு எழுந்து போகாமல், தனக்கு உயரமான ஒரு மேசை வேண்டும், நின்றுகொண்டே எழுதுவேன் என்று கேட்டார். நாற்காலி கேட்கிற கிராணியைத்தான் தவுக்கே பார்த்திருக்கிறார். மரத்துக்கா இங்கே பஞ்சம் என்று சொல்லி அன்றைக்கே செய்யச் சொன்னார்.

வேலை கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூருக்குக் கடல்மேல் போட்ட பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று செல்லப்பாக்கியம் சொன்னாள். இருவரும் சிங்கப்பூர்ப் பக்கம் பார்க்க நடந்தார்கள். காற்று பலமாக அடித்தது. பாதித் தூரம் போயிருப்பார்கள். எதிரே வந்த ஒரு மோட்டார் கார் அவர்களைத் தாண்டிப்போய் நின்றது. உள்ளே ஸ்டேசன் மாஸ்டரும் இராசம்மாவும். சிங்கப்பூரில் கல்யாண வீடு ஒன்றுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வேலை போன செய்தி அவர்களுக்கு எட்டியிருந்தது, வேலை கிடைத்தது எட்டியிருக்கவில்லை.

"ஐயோ, செல்லப்பாக்கியம், இந்த வெயிலுக்குள்ள நடந்தோ திரியிறியள்? ஏறும், ஏறும். கொண்டுபோய் விடுறம்" என்றாள் இராசம்மா, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு. அவள் கண் கதிரேசுவின் தொளதொளத்த கோட்டின் மேலேயே இருந்தது.

கதிரேசு பதில் சொல்ல வாயெடுத்தார். செல்லப்பாக்கியம் முந்திக்கொண்டாள்.

"நாங்கள் நடக்கத்தான் வந்தனாங்கள், அக்கா. நீங்கள் போங்கோ" என்று சொல்லி, கார்க் கதவை அவளே சாத்தினாள்.

கார் போய்விட்டது. அந்தக் கரைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று அவரிடம் கேட்டாள். கால் மைலுக்கு மேல் இருக்கும் என்றார். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். அவளோடு சேர்ந்துகொள்ள அவர்தான் கொஞ்சம் எட்டி நடக்க வேண்டியிருந்தது.